வினைக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் எழுவாய் ஆகிவிடாது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். இப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். ஒரு மெயிலில் ‘த லிஸ்ட் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஆர் அட்டாச்ட்’ என்று எழுதியிருக்கிறார். மேலாளர் ஆபீஸ் முழுவதற்கும் காப்பி போட்டு, ‘இட் ஷுட் பி இஸ் அட்டாச்ட். தேர் இஸ் மெனி மிஸ்டேக்ஸ் இன் யுவர் மெயில்’ என்று பதில் அனுப்பிவிட்டார். ‘மெட்டீரியல்ஸ் பன்மைதானே, அப்புறம் எப்படி இஸ் வரும்? கிரிக்கெட் வர்ணனையில் இந்தியா ஆர் என்கிறார்களே, ஒரே நாட்டுக்கு ஆர் எப்படி வந்தது? இந்த விதிகளை எல்லாம் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?’ இவைதான் அவர் கேட்டவை.

‘இஸ்’தான் சரி. மேலாளர் சொன்னது சரி, சொன்ன இடம்தான் சரியில்லை. மெயிலோடு இணைத்தது பட்டியலை. பொருட்கள் இன்னும் குடோனில்தான் கிடக்கின்றன. பட்டியல் ஒன்று, அதனால் ‘இஸ்’. இதைச் சொன்னதும் யாருக்கும் புரிந்துவிடும். அடுத்த வாரமே அதே ஆள் ‘த குவாலிட்டி ஆஃப் த போல்ட்ஸ் ஆர் நாட் குட்’ என்று எழுதுவார். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இருபது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். விதி தெரியாமல் தவறு செய்பவர்களைவிட, விதியை ஒப்பிக்கத் தெரிந்தும் தவறு செய்பவர்களே அதிகம். இவர்களுடைய தவறுக்குக் காரணம் மக்குத்தனம் அல்ல. காரணம், தமிழ் நம் காதுக்குக் கொடுத்திருக்கும் பழக்கம்.

தமிழில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: ‘பொருட்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.’ அடைமொழி எல்லாம் முன்னால் வந்துவிடும், தலைமைச் சொல் கடைசியில் வந்து நிற்கும், அதை ஒட்டியே வினை வரும். எவ்வளவு நீட்டினாலும் இப்படித்தான். ‘கொல்லைப்புற மரங்களில் போன மாதம் காய்த்த மாங்காய்களின் விலை ஏறிவிட்டது.’ மரங்கள், மாங்காய்கள் என்று பன்மை எத்தனை வந்தாலும் நமக்குக் குழப்பமே கிடையாது. ஏறியது விலை, அதுதான் வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிறந்ததிலிருந்து இப்படிக் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரன்தான் சொந்தக்காரன் என்று நம் காது முடிவுகட்டி வைத்திருக்கிறது.

ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. தலைமைச் சொல் முதலில் வந்துவிடும். அதன் வால் ஆஃப், இன், ஃப்ரம், வித் என்று பின்னால் நீளும். வால் முடிந்த பிறகுதான் வினை. ‘த பிரைஸ் ஆஃப் த மேங்கோஸ் ஃப்ரம் த ட்ரீஸ்’ என்று படித்து முடிப்பதற்குள் ‘பிரைஸ்’ பின்னால் போய்விடுகிறது, பக்கத்தில் நிற்பது ‘ட்ரீஸ்’. தமிழ்க் காது அதைப் பிடித்துக்கொண்டு ‘ஹேவ் கான் அப்’ என்று எழுதுகிறது.

அப்படியானால் அந்தத் தமிழ்க் காதையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆங்கில வாக்கியத்தில் வினைக்கு முன்னால் நிற்கும் தொகுதியை மட்டும் மனசுக்குள் தமிழாக்குங்கள். அதில் வேற்றுமை உருபு எதுவும் ஒட்டாமல் நிற்கும் பெயர் எது என்று பாருங்கள். எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது இங்கே சம்பளம் வாங்கித் தரும். ‘பொருட்களின் பட்டியல்’ என்பதில் பொருட்கள் ‘இன்’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பட்டியல் ஒட்டில்லாமல் நிற்கிறது. அதுதான் எழுவாய்.

இந்தச் சோதனையை நான் விரும்புவதற்குக் காரணம், ஆங்கிலப் புத்தகங்கள் தனித்தனி விதியாகப் போட்டிருக்கும் பலவற்றை இது ஒரே வீச்சில் முடித்துவிடுகிறது. பேங்க் எக்ஸாம் எழுதுகிறவர்களை அழவைக்கும் ஒரு ஜோடி உண்டு: ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’, ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’. முதலாவதற்கு ஆர், இரண்டாவதற்கு இஸ். ஒரு சின்ன ‘எ’வும் ‘த’வும் ஏன் இப்படிப் படுத்துகின்றன என்று கேட்டால், ‘அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கொள்’ என்பதுதான் வழக்கமான பதில். தமிழாக்கிப் பாருங்கள். முதலாவது ‘பல மாணவர்கள்’. ஒட்டில்லாமல் நிற்பது மாணவர்கள், ஆகவே ஆர். இரண்டாவது ‘மாணவர்களின் எண்ணிக்கை’. ஒட்டில்லாமல் நிற்பது எண்ணிக்கை, ஆகவே இஸ். ‘எ லாட் ஆஃப் பீப்பிள்’ என்பது ‘நிறைய பேர்’, எனவே ஆர். ‘மோஸ்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் ‘மாணவர்களில் பெரும்பாலோர்’, அதாவது ஆர். ‘மோஸ்ட் ஆஃப் த மில்க்’ என்றால் ‘பாலில் பெரும்பகுதி’, அதாவது இஸ். ‘மோஸ்ட்’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டு இடத்திலும் வைக்கிறது. தமிழோ அங்கே ஆளைச் சொல்லும்போது ‘ஓர்’ போட்டும் பொருளைச் சொல்லும்போது ‘பகுதி’ போட்டும் பிரித்தே கொடுத்துவிடுகிறது.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பதும் இதே கதைதான். என் நண்பர்களில் ஒருவர். ‘இல்’ ஒட்டியவர்கள் நண்பர்கள், ஒட்டாதவர் ஒருவர். அதனால் இஸ், ஹேஸ், வாஸ். இதோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போய்க் கேட்பார்கள்: ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம் ஆன் டைம்’ என்பதில் ‘கம்’ சரியா, ‘கம்ஸ்’ சரியா? எனக்குத் தெரிந்த ஆசிரியர்களே இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள், நானும் முழித்திருக்கிறேன். தமிழில் ‘நேரத்துக்கு வரும் மாணவர்களில் ஒருவன் அவன்’. ‘நேரத்துக்கு வரும்’ என்ற அடை மாணவர்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நேரத்துக்கு வருகிறவர்கள் பலர். அந்தக் கூட்டத்தில் இவன் ஒருவன். ஆகவே ‘கம்’. பேச்சிலும் எழுத்திலும் ஆங்கிலேயர்களே இங்கே ‘கம்ஸ்’ போடுவது உண்டு. ஆனால் பரீட்சையில் ‘கம்’ போடுவதுதான் பத்திரம்.

உம்மும் ஓடும் இன்னொரு ஜோடி. ‘அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்’ என்கிறோம். ‘பையன் தங்கைகளோடு வந்தான்’ என்கிறோம். இரண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள்தான் வந்தார்கள். ஆனால் ‘உம்’ இருவரையும் சமமாக உட்கார வைக்கிறது, ‘ஓடு’ ஒருவரை முன்னிறுத்தி மற்றவரைத் துணைக்கு அனுப்புகிறது. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ நம் உம். ‘வித்’, ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’ எல்லாம் நம் ஓடு. ‘ஏஸ் வெல் ஏஸ்’ஸையும் இந்தப் பக்கம்தான் சேர்க்க வேண்டும். அதனால்தான் ‘த பாய் அலாங் வித் ஹிஸ் சிஸ்டர்ஸ் ஹேஸ் கம்’. இன்னும் ஒரு நுட்பம்: இட்லியும் சாம்பாரும் தனித்தனிப் பாத்திரத்தில் இருந்தால் உம் போடுவோம். ஒரே தட்டில் ஒரே பலகாரமாக வந்துவிட்டால் ‘இட்லி சாம்பார் நல்லா இருக்கு’, உம்மைக் காணோம். ‘பிரெட் அண்ட் பட்டர் இஸ்’ என்று அவர்கள் ஒருமையில் சொல்வதும் அதே மாதிரிதான்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் என்று நினைத்துக் கூச வேண்டாம். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். ‘த கீ டு த கேபினெட்ஸ்’ போன்ற பாதி வாக்கியத்தைச் சொல்லி, மீதியை முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்றுதான்; ஆனாலும் பக்கத்தில் ‘கேபினெட்ஸ்’ நிற்பதால் சிலர் ‘ஆர்’, ‘வேர்’ என்று முடித்தார்கள். இதைத் திருப்பிப் போட்டு, தலைமைச் சொல் பன்மையாகவும் பக்கத்துச் சொல் ஒருமையாகவும் இருந்தபோது அந்த அளவுக்குத் தவறு வரவில்லை. பன்மைக்குத்தான் இழுக்கும் சக்தி அதிகம். உங்கள் ‘மெட்டீரியல்ஸ்’ செய்த வேலையும் அதுதான்.

இதுவரை சொன்னது ‘எது எழுவாய்’ என்ற சிக்கல். இன்னொரு வகைத் தவறு உண்டு. அதில் எழுவாய் நன்றாகவே தெரியும், ஆனாலும் வினையின் கடைசியில் வர வேண்டிய ‘எஸ்’ விடுபட்டுவிடும். ‘ஹி நோ’, ‘ஷி லைக்’, ‘ஹி டோன்ட்’. என் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தித் திருத்தி நான் கண்டுகொண்டது ஒன்று: இந்த ‘எஸ்’ எல்லா வினையிலும் ஒரே மாதிரி விடுபடுவதில்லை. ‘ஹி கோஸ்’, ‘ஹி ஈட்ஸ்’ என்று ஒழுங்காக எழுதும் பையனே அடுத்த வரியில் ‘ஹி வான்ட்’ என்று எழுதுவான். தமிழில் போகிறான், சாப்பிடுகிறான் என்று வினையின் வாலில் ஆள் தெரிகிறான். ஆனால் ‘வேண்டும்’ என்பதில் தெரிவதில்லை. எனக்கு வேண்டும், அவனுக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும். தெரியும், புரியும், பிடிக்கும் எல்லாம் இப்படித்தான்; ஆள் ‘கு’ போட்டு ஒதுங்கிக்கொள்ள, வினை மாறாமல் நிற்கும். இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளில்தான் நம் பிள்ளைகளின் ‘எஸ்’ அதிகம் காணாமல் போகிறது.

‘இல்லை’யும் அப்படியே. நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை. இந்த ‘இல்லை’ எதிர்மறையில் தமிழ் வினை யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே ‘ஐ டோன்ட்’ என்பதை அப்படியே தூக்கி ‘ஹி டோன்ட்’ என்று போட்டுவிடுகிறோம். பெயரெச்சமும் அதே ரகம்: வந்த பையன், வந்த பையன்கள். அதனால்தான் ‘த பீப்பிள் ஹூ லிவ்ஸ் தேர்’ என்று எழுதினாலும் உறுத்துவதில்லை. இவை எல்லாவற்றையும்விட மோசமானது ‘ஹேவ்’. ‘அவனுக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்ற தமிழ் வாக்கியத்தில் எழுவாய் தங்கைகள், வினையும் பன்மை. அதே பன்மையைச் சுமந்துகொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் ‘ஹி ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. அங்கேயோ எழுவாய் ‘ஹி’. அதனால்தான் மேலே, வினைக்கு முன்னால் நிற்கும் தொகுதியை மட்டும் தமிழாக்குங்கள் என்று சொன்னேன். முழு வாக்கியத்தையும் தமிழாக்கினால் சோதனை காலை வாரிவிடும்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இந்த ‘எஸ்’ லேசில் வருவதில்லை. ரோஜர் பிரவுன் என்ற ஹார்வர்ட் உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சை வருஷக் கணக்கில் பதிவு செய்து, 1973-இல் ஒரு வரிசையை வெளியிட்டார். பதினான்கு இலக்கணக் கூறுகள் எந்த முறையில் படிகின்றன என்பது அந்த வரிசை. ‘டாக்ஸ்’ என்பதில் வரும் பன்மை ‘எஸ்’ நான்காவது இடத்தில் வந்துவிடுகிறது. ‘ரன்ஸ்’ என்பதில் வரும் வினை ‘எஸ்’ பத்தாவது இடத்துக்குப் போய்விடுகிறது. காதில் விழும் ஒலி ஒன்றுதான். ஆனால் ஒன்று பல என்று சொல்கிறது, இன்னொன்று ஒன்று என்று சொல்கிறது! இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து ஒரே உடை உடுத்தியவை. பெயரில் வரும் எஸ் பழைய ஆங்கிலத்தின் ‘அஸ்’ என்ற பன்மை விகுதியிலிருந்து வந்தது. வினையில் வரும் எஸ்ஸின் கதை வேறு.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆங்கில வினையும் கிட்டத்தட்டத் தமிழ் வினை மாதிரிதான் இருந்தது. பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறான், பாடுகிறோம் என்பது போல, ‘இக் சிங்கெ, தூ சிங்கெஸ்ட், ஹே சிங்கெத், வே சிங்கத்’. தெற்கே ‘எத்’ வழங்கியபோது வடக்கே நார்தம்ப்ரியாவில் ‘எஸ்’ தலைகாட்டியது. லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷ ஏட்டின் லத்தீன் வரிகளுக்கு நடுவே 10-ஆம் நூற்றாண்டில் எழுதிச் சேர்த்த ஆங்கிலச் சொற்பொருளிலேயே அது கிடைக்கிறது. மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி லண்டனைப் பிடித்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. வெனிஸ் வணிகன் நாடகத்தில் கருணையைப் பற்றிப் போர்ஷியா பேசும் ஒரே அடியில் ‘பிளெஸ்ஸெத்’தும் வருகிறது, ‘கிவ்ஸ்’ஸும் வருகிறது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் பழைய ‘எத்’தையே வைத்துக்கொண்டது. 23-ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டிருந்தால் ‘ஹி மேக்கெத் மி’, ‘ஹி லீடெத் மி’ என்பது காதில் இருக்கும். மற்ற விகுதிகள் எல்லாம் உதிர்ந்து, இந்த ஒற்றை எஸ் மட்டும் மரத்தில் கடைசி இலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டார வழக்கில் அதுவும் உதிர்ந்துவிட்டது. அங்கே ‘ஹி கோ’ என்பதே ஊர்ப் பேச்சு. நமக்குப் பக்கத்திலேயே மலையாளம் இருக்கிறதே, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு என்று முழுசாகவே கழற்றி வைத்துவிட்டது. மொழி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

‘ஒரே ஒரு ஆளைப் பார்த்து ஏன் யூ ஆர் என்கிறோம்?’ இதைப் பல பேர் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பார்கள். ஒருவரை ‘நீங்கள் வந்தீர்கள்’ என்கிறோமே, அதே காரணம்தான். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘தவ்’ என்று ஒரு நீ இருந்தது, அதற்குத் தனி வினை. ‘யூ’ என்பது பலரைக் குறித்தது. பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் ஆனது. மரியாதை பரவிப் பரவி, ‘தவ்’ அன்றாடப் பேச்சிலிருந்து கிட்டத்தட்ட ஒழிந்தேபோனது. இப்போது நாயைக்கூட ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட வேண்டும். நடுவில் 18-ஆம் நூற்றாண்டில் ஒருவரைப் பார்த்து ‘யூ வாஸ்’ என்று சொல்லும் பழக்கம் நன்றாகவே இருந்தது. அதில் நியாயமும் இருந்தது, ஒருமையையும் பன்மையையும் பிரித்துக் காட்டியது. 1762-இல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் தம் இலக்கணத்தில் அதைத் தவறு என்று அடித்தார். அவர் பின்னாளில் லண்டனுக்கே பிஷப் ஆனவர். அவரைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி ‘யூ வேர்’ நிலைத்தது. நம் ‘அவர்’ கூட ஆதியில் பலர்பால்தானே. ஒருவருக்கு மரியாதையாகிப் போனதும், பலருக்குச் சொல்ல ‘கள்’ ஒட்டி ‘அவர்கள்’ என்று புதிதாகச் செய்துகொண்டோம். ஆண் பெண் சொல்லாமல் ஒருவரையே ‘தே’ என்கிறார்களே, அங்கேயும் ‘தே ஆர்’தான், ‘தே இஸ்’ இல்லை.

‘கேன்’, ‘மே’, ‘ஷால்’ ஆகியவற்றுக்கு எஸ் ஏன் வருவதில்லை என்பதற்கும் பழைய காரணம் உண்டு. அவை இறந்தகால வடிவத்தில் இருந்து நிகழ்காலப் பொருளுக்கு மாறிய வினைகள். இறந்தகாலத்தில் ‘ஹி வென்ட்’ என்று எஸ் இல்லாமல்தானே சொல்கிறோம், அந்தப் பழக்கம் இவற்றோடு வந்துவிட்டது. ‘டஸ்’ விஷயம் இன்னும் சுலபம்: ஒரு வாக்கியத்தில் எஸ்ஸுக்கு ஒரு நாற்காலிதான். ‘டஸ்’ வந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் வினைக்கு இடம் கிடையாது. ‘ஹி டஸன்ட் கோஸ்’ என்றால் ஒரே நாற்காலியில் இரண்டு பேர்.

என் சோதனை தோற்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ‘எவ்ரிஒன்’ என்பதைத் தமிழாக்கினால் ‘எல்லாரும்’, உடனே பன்மை வந்துவிடும். ஆங்கிலத்தில் அது ஒருமை: ‘எவ்ரிஒன் ஹேஸ் கம்’. ‘ஒவ்வொருவரும்’ என்று தமிழாக்கிப் பழகிக்கொண்டால் தப்பிக்கலாம். கத்தரிக்கோல் நமக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு அலகு, ஆகவே ‘சிசர்ஸ் ஆர்’; டிரவுசரும் மூக்குக்கண்ணாடியும் இதே கணக்கு. ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ இரண்டும் எஸ்ஸில் முடிந்தும் ஒருமை. ‘போலீஸ்’ என்பதில் பன்மைக்கான எஸ் ஒட்டவே இல்லை, ஆனாலும் பன்மை. ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’ என்று நாமாக எஸ் ஒட்டுவதை நிறுத்தினாலே ‘ஆர்’ போடும் ஆசை போய்விடும். பணமும் தூரமும் கவலையில்லை: ‘பத்தாயிரம் ரூபாய் அதிகம்’ என்று நாமே மொத்தமாகத்தான் பேசுகிறோம், அவர்களும் ‘டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் டூ மச்’ என்று மொத்தமாகவே பேசுகிறார்கள்.

இப்போது உங்கள் கிரிக்கெட் கேள்வி. ‘இந்தியா ஆர் 287 ஃபார் 6’ என்பது தவறல்ல, பிரிட்டிஷ் வழக்கு. அவர்களுக்கு டீம், கமிட்டி, கவர்ன்மென்ட், ஸ்டாஃப் போன்ற சொற்களில் இரண்டு பார்வை உண்டு. அமைப்பாகப் பார்த்தால் இஸ், உள்ளே இருக்கும் ஆட்களாகப் பார்த்தால் ஆர். விளையாட்டில் அந்த இரண்டாவது பார்வை கெட்டிப்பட்டுவிட்டது. அதே வர்ணனையாளர், இந்தியா பெரிய நாடு என்று சொல்ல வந்தால் ‘இந்தியா இஸ்’ என்றுதான் சொல்வார். களத்தில் நிற்பது பதினொரு பேர், வரைபடத்தில் இருப்பது ஒரு நாடு. அமெரிக்கர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு ‘த டீம் இஸ்’தான். தமிழ்ப் பத்திரிகைகள் ‘இந்தியா வென்றது’ என்று ஆட்களையும் சேர்த்து அஃறிணை ஆக்கிவிடுகின்றன, அதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை.

அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின் பெயரிலேயே இந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள். ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ வடிவத்தில் பன்மை. 1787-இல் எழுதிய அவர்கள் அரசியல் சட்டம் தேசத்துரோகத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த நாட்டை ‘தெம்’ என்றே சுட்டுகிறது. அடிமைமுறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் ‘தேர் ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்ற பன்மைதான். இன்றைக்கு ‘த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்’ என்று யாராவது எழுதினால் பள்ளிப் பிள்ளையே திருத்திவிடும். உள்நாட்டுப் போர் முடிந்த மறுநாளே ஆர் போய் இஸ் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மாற்றம் அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது.

பொருளை வைத்து இலக்கணத்தைத் தளர்த்தும் இந்த வேலைக்கு நம்மிடம் பெயரே உண்டு: வழுவமைதி. ஆசையாக வளர்த்த பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. ஆனால் பிரியத்தினால் சொன்னது என்பதால் ஏற்கலாம் என்று உரைகாரர்கள் விட்டுவிட்டார்கள். ‘இந்தியா ஆர்’ என்பதை நான் வகுப்பில் ஆங்கில வழுவமைதி என்றே சொல்வேன். அதேபோல ‘காட் சேவ் த கிங்’ என்பதில் எஸ் எங்கே என்று கேட்பவர்களிடம், ‘வாழ்க’ என்பதில் ‘ஆன்’ எங்கே, ‘ஆர்’ எங்கே என்று திருப்பிக் கேட்பேன். அரசன் வாழ்க, அரசர்கள் வாழ்க. வியங்கோளுக்கு ஆள் அடையாளம் கிடையாது, அவர்களுடைய வாழ்த்துக்கும் கிடையாது. ‘ஐ இன்சிஸ்ட் தட் ஹி கோ’ என்று எஸ் இல்லாமல் எழுதுவதும் இந்தக் குடும்பம்தான்.

கடைசியாக, பக்கத்தில் நிற்பதே ஜெயிக்கும் ஒரு இடம். ‘ஐதர்... ஆர்’, ‘நைதர்... நார்’ என்று வந்தால் வினைக்குக் கிட்டே இருக்கும் பெயரைப் பார்த்துப் போடுவதுதான் வழக்கு: ‘நைதர் த மேனேஜர் நார் த வொர்க்கர்ஸ் வேர் தேர்’. திருப்பிப் போட்டு மேனேஜரைக் கடைசியில் நிறுத்தினால் ‘வாஸ்’ வரும், காதுக்குக் கொஞ்சம் இடிக்கும். ஆகவே பன்மையைக் கடைசியில் வைத்து எழுதிவிடுங்கள். ‘நன் ஆஃப் தெம்’ என்பதற்கு இஸ்ஸும் சரி, ஆரும் சரி. ‘நன்’ என்றால் ஒருமைதான் என்று அடம்பிடிப்பவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

‘தேர்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தில் எழுவாய் வினைக்குப் பின்னால் வரும். ‘தேர்’ வெறும் இடம்பிடிக்கும் துண்டு, பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் போட்ட கைக்குட்டை மாதிரி. சீட்டுக்கு உரியவர் பின்னால் வருகிறார். அவரைப் பார்த்துத்தான் இஸ்ஸா ஆரா என்று முடிவு. வருவது ‘எ மிஸ்டேக்’ என்றால் இஸ். வருவது ‘மெனி மிஸ்டேக்ஸ்’ என்றால் ஆர். பேச்சில் ‘தேர்ஸ்’ என்று இழுத்துவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்தில், அதுவும் அடுத்தவர் இலக்கணத்தைத் திருத்தி ஆபீஸ் முழுவதற்கும் காப்பி போடும் மெயிலில், ‘தேர் ஆர் மெனி மிஸ்டேக்ஸ்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். இதை அவருக்கு ரிப்ளை-ஆல் போட்டுச் சொல்லலாமா என்றால், அது இலக்கணத்துக்கு வெளியே உள்ள விஷயம். நானாக இருந்தால் ‘த லிஸ்ட் ஆஃப் மெட்டீரியல்ஸ் இஸ் அட்டாச்ட்’ என்று மாற்றி அனுப்பிவிட்டு, இந்தத் தடவையாவது பட்டியலை மறக்காமல் இணைத்திருக்கிறேனா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.